மீறினால் என்ன நடக்கும்? குடும்ப வன்முறைக்கு எதிராகக் கையில் வாங்க வேண்டிய காகிதம் எது

பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் அது. நான்காக மடித்து, ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்திருந்தார் அந்தப் பெண். மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தது. இனிமேல் மனைவியைக் கைநீட்டி அடிக்க மாட்டேன், குடித்துவிட்டு வந்து தகராறு செய்ய மாட்டேன் என்று நீல மையில் எழுதி, கீழே கணவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. காவல் நிலையத்தில் இருவரையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வாங்கியது. அந்தத் தேதிக்குப் பிறகு பதினொரு நாள் வீடு அமைதியாக இருந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாள் இரவு இடது காதில் அறை விழுந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, இதைக் காட்டினால் அவரைப் பிடிப்பார்களா?"

அந்தத் தாளுக்காகப் பிடிக்க மாட்டார்கள். புதிதாக அடித்ததற்குப் புதிதாகப் புகார் கொடுக்கலாம், அது வேறு. ஆனால் வாக்குக் கொடுத்து மீறினார் என்பதற்காக அவரை எதுவும் செய்துவிட முடியாது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

மகளிருக்கு மனு எழுத உதவும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவுகளில் எது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்தார் ஒன்று சொல்வார்கள், உறவினர் வேறொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் நான் அளப்பது ஒரே கோலால்தான்: இந்தக் காகிதத்தை எதிராளி மீறினால், மறுநாள் காலை என்ன நடக்கும்?

இந்தியச் சட்டத்தில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், ஒரு பெண்ணின் முன்னால் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. காவல் நிலையத்தில் பேசி முடிப்பது. கணவர் மீது குற்ற வழக்குப் பதிவு செய்வது. குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போவது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி நிற்க வேண்டும், கூரையும் போகக்கூடாது என்று நினைக்கும் பெண்ணுக்கு நான்காவது வழிதான் முதல் வழியாக இருக்க வேண்டும். மற்றவற்றை அதோடு சேர்த்துக்கொள்ளலாம், பிறகும் எடுக்கலாம். உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் வரிசை மாறும்.

காவல் நிலையத்துப் பேச்சுவார்த்தை

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. பெண் பெண்ணிடம் பேசலாம், கூச்சமில்லாமல் நடந்ததைச் சொல்லலாம் என்பது பெரிய மாற்றம். பெரும்பாலான பெண்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். மனு கொடுத்தால், அது பதிவானதற்கு அடையாளமாகச் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். எதிர்த்தரப்பை அழைப்பார்கள், பேசுவார்கள், எழுதி வாங்குவார்கள். திருமணத் தகராறுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருப்பதால் இந்த அழைத்துப் பேசுதலுக்கு இடமும் உண்டு.

இதன் நல்ல பக்கம் வேகம். காலையில் போனால் மாலைக்குள் அவரை அழைத்து எச்சரித்துவிடுவார்கள். முதல்முறை கைநீட்டிய, காவல் நிலையம் என்றாலே நடுங்குகிற ஆளுக்கு அது போதுமானதாக இருப்பதும் உண்டு. ஆனால் மீறினால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு முறை அழைப்பார்கள், இன்னொரு தாளில் எழுதி வாங்குவார்கள். மூன்றாவது தாளுக்குள் அந்த ஆளுக்கு அச்சம் விட்டுப்போகும். நிலையத்துக்குப் போய்விட்டு வந்ததற்கான கோபமும் வீட்டில் தனியாகக் காத்திருக்கும்.

அதற்காக அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வன்முறை முன்பே நடந்தது, காவல் நிலையம் வரை போனது என்பதற்கு அதுவும் சி.எஸ்.ஆர். ரசீதும் நல்ல ஆதாரங்கள். செலோடேப் ஒட்டிய அந்தத் தாள் பிற்பாடு நீதிமன்ற மனுவில் இணைப்பாகச் சென்றபோதுதான் அதற்கு மதிப்பு வந்தது.

குற்ற வழக்கு

1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவை அறியாதவர் குறைவு. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது. கணவரோ கணவரின் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். பிணையை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்; நீதிமன்றம் மனம் வைத்தால்தான் பிணை. பிடியாணை இல்லாமல் கைது செய்யும் அதிகாரமும் காவல்துறைக்கு உண்டு.

"ஒரு கம்ப்ளெயின்ட் கொடுத்தால் குடும்பத்தோடு உள்ளே போய்விடுவார்கள்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, அவசியம் இருக்கிறதா என்று பார்த்துக் காரணத்தை எழுத வேண்டும், இல்லையென்றால் அறிவிப்பு அனுப்பி விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. அதாவது, புகார் கொடுத்த அன்று இரவும் அவர் அதே வீட்டில் இருக்கக்கூடும். இதைத் தெரியாமல் புகார் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

குற்ற வழக்கு நடந்த கொடுமைக்குத் தண்டனை தேடுகிறது. இன்று இரவு எங்கே படுப்பது, பிள்ளைக்குப் பால் யார் வாங்குவது, வீட்டுச் சாவி யாரிடம் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. பிணையில் விடும்போது மனைவியை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம். மீறினால் பிணையை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பின் ஆயுள் வழக்கின் ஆயுள்தான். குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமையும் இருக்கிறது. புகாருக்கு மூன்றாண்டுக் கால வரம்பும் உண்டு. அதோடு இந்தப் பிரிவு கணவர் வீட்டாரைத்தான் பிடிக்கும். அண்ணன் அடித்தாலோ, மகன் தாயை அடித்தாலோ இது பொருந்தாது.

அப்படியென்றால் குற்ற வழக்கே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. எலும்பு முறிந்திருந்தால், கழுத்தை நெரித்திருந்தால், தீ வைக்க முயன்றிருந்தால், ஆயுதத்தை எடுத்திருந்தால், சமரசப் பேச்சுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கக் கூடாது. குறிப்பாகக் கழுத்தை நெரித்த சம்பவத்தைப் பெண்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். காயம் வெளியே தெரியாததால் அதைச் சிறியதாக நினைக்கிறார்கள். அடுத்த முறை உயிரே போகலாம் என்பதற்கான மிகப் பெரிய அறிகுறிகளில் அது ஒன்று. அந்த நிலையில் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே எப்படி அடிபட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொன்ன ஒரு வாக்கியம், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் ஆயுதமாகிறது. பிறகு முதல் தகவல் அறிக்கை. கூடவே பாதுகாப்பு உத்தரவுக்கான மனு. தாய்வீட்டில் தஞ்சம் புகுந்திருந்தால் அந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அடிபட்ட ஊருக்கே திரும்பிப் போ என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

குடும்ப நல நீதிமன்றமும் ஜீவனாம்சமும்

பிரிந்துவிடுவது என்று மனம் உறுதியாகிவிட்டவர்களுக்கு இந்த வழி. விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, நிரந்தர ஜீவனாம்சம் எல்லாம் இங்கே தீரும். மணவாழ்வில் எழும் சிக்கல்களுக்குத் தடையுத்தரவு வழங்கும் அதிகாரமும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அது உரிமையியல் (சிவில்) தடையுத்தரவு. மீறினால் நீங்கள்தான் மறுபடியும் மனுப் போட வேண்டும். சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதத்துக்கு மிகாமல் உரிமையியல் சிறையில் வைக்கலாம் என்று விதி இருந்தாலும், அந்த மனு விசாரணைக்கு வந்து முடிய வாய்தா வாய்தாவாகப் போகும். இரவு பத்து மணிக்குக் கதவை உடைக்கிறவரை அந்தத் தாளைக் காட்டி உடனே பிடிக்கச் சொல்ல முடியாது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று எல்லோருக்கும் பழகிப்போன ஜீவனாம்ச மனு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவில் இருக்கிறது. பணம் கேட்பதற்கு இது பழகிய பாதை. கட்டாமல் விட்டால் வாரண்டு, நிலுவையிலுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் நிலுவை ஏறிய ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட்டுவிட வேண்டும். இதைத் தவறவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. இந்தப் பாதையில் பணம் வரலாம்; அடி நிற்க இதில் வழியில்லை.

2005-ஆம் ஆண்டுச் சட்டம்

2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் அழகு, அது பெண்ணின் ஒரு நாளைப் பார்த்து எழுதப்பட்டிருப்பது. உடலில் படும் அடி மட்டுமே வன்முறை என்று அது சொல்லவில்லை. பாலியல் கொடுமை, வாயால் வதைப்பது, பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது, நகையை அடகு வைப்பது எல்லாமே அதில் வருகின்றன. மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை. மகனிடம் அடிபடும் தாய், அண்ணனிடம் அடிபடும் தங்கை, கணவனை இழந்தபின் புகுந்த வீட்டில் துன்புறும் பெண், திருமணம் போன்ற உறவில் ஒன்றாக வாழ்ந்தவர் என எல்லோரும் இதன் கீழ் வரலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை நீக்கியதால், கொடுமை செய்யும் பெண் உறவினர் மீதும் உத்தரவு கேட்கலாம்.

நம் அளவுகோலை இங்கே வையுங்கள். 18-ஆவது பிரிவின் கீழான பாதுகாப்பு உத்தரவை மீறுவது தனிக் குற்றம். 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையை உரிமையாகக் கேட்க முடியாதது; பிடியாணையின்றிக் கைது செய்ய அதிகாரம் உள்ளது. இடைக்கால உத்தரவை மீறினாலும் இதே கதிதான். மீறல் நடந்தது என்ற முடிவுக்கு வர அந்தப் பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும் என்கிறது 32-ஆவது பிரிவு. நாலு சுவருக்குள் நடக்கும் கொடுமைக்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய வரி அது.

உத்தரவின் ஆயுளையும் பாருங்கள். இது மாதக் கணக்கில் காலாவதியாகும் தாள் இல்லை. வேண்டாம் என்று அந்தப் பெண்ணே மனுக் கொடுக்கும் வரை பாதுகாப்பு உத்தரவு நீடிக்கும். சூழ்நிலை மாறியிருந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் மாற்றம் கேட்கலாம்; நடுவர் காரணத்தை எழுதி முடிவு செய்வார்.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் கவனம் சிதறுகிறது. "பாதுகாப்பு வழங்க வேண்டும்" என்று ஒற்றை வரியில் கேட்டால் ஒற்றை வரியில்தான் கிடைக்கும். அடிக்கக் கூடாது; வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது; பிள்ளையின் பள்ளிக்குப் போகக் கூடாது; நேரிலோ தொலைபேசியிலோ எழுத்திலோ தொடர்புகொள்ளக் கூடாது; எனக்கு அடைக்கலம் கொடுத்த தம்பியை மிரட்டக் கூடாது; கூட்டு வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது. இவை அனைத்தும் 18-ஆவது பிரிவிலேயே இருக்கின்றன. உங்கள் வாழ்க்கையில் எந்த இடத்தில் அவர் வந்து நிற்பாரோ அந்த இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தையல் யூனிட் வாசலில் மாலை ஆறு மணிக்கு வந்து நிற்பார் என்றால் அந்த யூனிட்டின் முகவரி உத்தரவில் இருக்க வேண்டும். அப்போதுதான் காவலருக்கு மீறல் எது என்பதில் குழப்பம் இருக்காது.

இருப்பதா, வெளியேறுவதா

சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடியிருப்பைப் பற்றியது. பெண்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே தேர்வு செய்ய வேண்டியவர் நீதிபதி இல்லை, நீங்கள். அதே வீட்டில் நான் இருப்பேன், என்னை வெளியேற்றக் கூடாது என்று கேட்கலாம். அவரை வெளியேறச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். நான் இருக்கும் பகுதிக்குள் அவரோ அவர் வீட்டாரோ நுழையக் கூடாது என்று கேட்கலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுங்கள், வாடகையைக் கட்டுங்கள் என்று கேட்கலாம்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, அதனால் உனக்கு உரிமை இல்லை என்று மிரட்டுவது இன்னமும் நடக்கிறது. 2006-இல் வந்த ஒரு தீர்ப்பு அப்படித்தான் பொருள்கொள்ள வைத்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு சரியான சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் மருமகளுக்கு அங்கே வசிக்க உரிமை கேட்க இடமுண்டு. ஆனால் அது வசிக்கும் உரிமை, சொத்துரிமை இல்லை. முதிய மாமனார் மாமியாரும் நிம்மதியாக இருக்க வேண்டியவர்கள் என்பதை நீதிமன்றம் எடைபோடும். சில சமயம் மாற்று வீடு என்ற முடிவுக்கு வரும். மூத்த குடிமக்கள் சட்டத்தைப் பயன்படுத்தி மருமகளை வெளியேற்றி இந்த உரிமையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியாது என்றும் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவரை வெளியேற்றும் உத்தரவு வாங்கலாம், ஆனால் பெண்ணாகிய மாமியாரை வெளியேற்றும் உத்தரவு போட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் கருத்து இது. ஒரே அறை கொண்ட வீட்டில், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்திக்கொண்டு, "அடிக்கக் கூடாது" என்ற உத்தரவோடு அவரோடு இருப்பது மிக ஆபத்தானது. அவர் கையில் உத்தரவு சேர்ந்த அன்றைக்கு அந்த ஒரே அறைக்குள்தான் இரவு வரும். அவரை வெளியேற்றும் உத்தரவு கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் வாடகை வீட்டைக் கேளுங்கள். மாடியும் கீழுமாக இரண்டு பகுதிகளும் தனித்தனி வாசலும் இருக்கும் வீடு என்றால் நுழைவுத் தடை வேலை செய்யும். பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருப்பது, உங்கள் பெயரில் வீடு இருப்பது, அவருக்குப் போய்த் தங்கப் பெற்றோர் வீடு இருப்பது ஆகியவை அவரை வெளியேறச் சொல்லிக் கேட்பதற்கு வலுச்சேர்க்கும். தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் அவர் உறவினர் என்றால், வீட்டை ஜெயித்து அந்தத் தெருவில் வாழ முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கௌரவத்துக்காக அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். வெளியேறினால் உரிமை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அப்படிச் சட்டம் சொல்லவில்லை.

ஒரு நுணுக்கம். 31-ஆவது பிரிவு நேரடியாகப் பெயர் சொல்வது பாதுகாப்பு உத்தரவைத்தான். குடியிருப்பு உத்தரவை மட்டும் வாங்கிக்கொண்டு, 18-ஐக் கேட்காமல் விட்டால், மீறல் நடக்கும்போது வழக்கறிஞர்கள் வாதம் செய்ய இடம் கொடுத்தவர்கள் ஆவோம். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். குடியிருப்பு உத்தரவை நடைமுறைப்படுத்த உதவும்படி காவல் நிலையத்துக்கு நடுவர் ஆணையிடலாம். அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். சீதனமாக வந்த நகையும் பாத்திரமும் சான்றிதழ்களும் திரும்ப வேண்டும் என்பதும் இதே பிரிவில் அடங்கும்.

பணம் 20-ஆவது பிரிவு. கணவர் மாதச் சம்பளக்காரர் என்றால், முதலாளி சம்பளத்திலிருந்து பிடித்து நேரே மனைவிக்கோ நீதிமன்றத்துக்கோ செலுத்தும்படி உத்தரவிட முடியும். தினக்கூலிக்குப் போகிறவரிடம் இது பலிக்காது. ஒரே காலத்துக்கு இரண்டு இடங்களில் ஜீவனாம்சம் கேட்டால் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் மறைக்கக் கூடாது என்றும், இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. உண்மையான வருமானத்தை எழுதுங்கள். பொய் பிடிபட்டால் அடிபட்ட கதையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

யார் மூலம் போவது

நேராகவே நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலம் போகலாம். அவர் நடந்ததைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரிப்பார். நீதிமன்றத்தில் இதை டி.ஐ.ஆர். என்பார்கள். அதில் தேதி வாரியாகச் சம்பவங்கள் பதிவாவதால் மனுவுக்கு எலும்புக்கூடு கிடைக்கிறது. காசு கொடுத்து வழக்கறிஞர் வைக்க முடியாதவருக்கு இதுதான் நல்ல வழி. அதே சமயம், டி.ஐ.ஆர். வரட்டும் என்று காத்திருந்து வாரக்கணக்கில் அடிபடத் தேவையில்லை. அந்த அறிக்கை இல்லாமலும் நடுவர் உத்தரவு போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவசரம் என்றால் நேராகப் போங்கள்.

பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழக்கறிஞர் ஒருவரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மகளிர் உதவி எண் 181. உடனடி ஆபத்துக்கு 112. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுத் தாக்கல் செய்ய முடியும் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய வசதி. ஓராண்டுக்குள் தாக்கல் செய்யவில்லை என்று மனுவைத் தள்ள முடியாது என்பதையும் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

மனுக் கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் வாக்கு. நடைமுறையில் அறுபது நாளில் முடிந்த வழக்கை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதல் நாளே 23-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் போட்டால், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே நடுவர் உத்தரவு போட முடியும். அந்தப் பிரமாணப் பத்திரத்தில் கண்ணீரைவிடத் தேதிகள் முக்கியம். "அடிக்கடி அடிப்பார்" என்று எழுதுவதைவிட, எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த அறையில் எந்தப் பொருளால் அடித்தார், அன்று எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள் என்பது நடுவரின் பேனாவை அசைக்கும். ஒரு பெண் எதுவும் நினைவில்லை என்றார். அவர் சமையலறையில் மாட்டியிருந்த நாட்காட்டியில் சில தேதிகளைப் பால் கணக்கோடு சிறு புள்ளியாகக் குறித்து வைத்திருந்தார். பதினான்கு புள்ளிகள். அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு புள்ளியாக உட்கார்ந்து எழுதினோம்.

அறிவிப்பு போய்ச் சேரும் நாள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், நீதிமன்ற அறிவிப்பு அவர் கையில் சேரும் நாள்தான் மிக ஆபத்தான நாள். அதுவரை பயந்து நடுங்கியவள் நீதிமன்றத்துக்கே போய்விட்டாள் என்பதை அவர் அறியும் நாள் அது. அறிவிப்பை எப்போது சேர்க்கப்போகிறார்கள் என்று பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று நீங்களும் பிள்ளைகளும் அந்த வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சம் புகுந்த இடம் அவருக்குத் தெரியாது என்றால், மனுவில் அந்த முகவரி வெளிப்படாமல் இருக்க என்ன வழி என்று வழக்கறிஞரிடம் முதல் நாளே பேசுங்கள். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒவ்வொன்றாக வெளியே நகர்த்திவிடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் அலமாரி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சட்டம் ஆண்களுக்குப் பொருந்தாது. பிள்ளைகளிடம் அடிபடும் முதிய தந்தைக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புக் கேட்கலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் வழி உண்டு. முதிய தாய் இரண்டு சட்டங்களையும் பயன்படுத்தலாம்.

உத்தரவு கிடைத்ததும் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்; எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே அனுப்ப வேண்டும். அனுப்பியிருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நீங்களே ஒரு நகலை நிலையத்தில் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். காதில் அடிபட்ட அந்தப் பெண் ஐந்து நகல் எடுத்தார். ஒன்று நிலையத்தில். ஒன்று பள்ளித் தலைமையாசிரியரிடம். ஒன்று தம்பி வீட்டில். ஒன்று வேலை செய்யும் இடத்தின் வாட்ச்மேனிடம், கணவரின் புகைப்படத்தோடு. ஐந்தாவதை அந்த ரேஷன் கார்டு உறைக்குள் செருகினார். நீதிமன்ற முத்திரை வெளியே தெரியும்படி மடித்திருந்தார்.